முதல் மாடி பீமும் மத்தியானத் தூக்கமும்

அந்தக் கோட்டை அழிக்க எனக்கு நான்கு நொடிகூட ஆகவில்லை. மாதத்தின் கடைசி நாள், மாலை ஐந்தரை மணி. திரையில் வளைவு வளைவாக ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அப்புறம் இல்லை. வரைபடத்தின் மூலையில் ‘கட்டுமானத்துக்கு’ என்ற முத்திரையை வைத்து சைட்டுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். வழியில் பெரிய மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தி வெண்டைக்காய் வாங்கினேன். ஒவ்வொன்றாக முனையை ஒடித்துப் பார்த்து, பிஞ்சாகப் பொறுக்கி, கடைக்கார அம்மா முறைக்கிற வரைக்கும் பொறுமையாக வாங்கினேன்.

கட்டட வரைபடத்தில் இன்னும் முடிவாகாத இடத்தைச் சுற்றி அப்படி ஒரு கோடு போடுவார்கள். பக்கத்தில் ‘ஹோல்டு’ என்று எழுதுவார்கள். இங்கே கை வைக்காதே, இன்னும் விவரம் வரவில்லை என்று பொருள். ‘எனக்குத் தெரியாது’ என்பதை மானம் போகாமல் சொல்ல எங்கள் தொழிலில் இருக்கும் ஒரே வழி அதுதான். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோட்டைப் பார்த்துவருகிறேன். அதை அழித்தது அன்றுதான்.

எங்களுடையது வரைவதும் வாங்குவதும் கட்டுவதும் ஒரே கம்பெனியில் நடக்கும் வேலை. டிசைன் ஒரு அறை, பர்ச்சேஸ் ஒரு அறை, சைட்டு என்பது ஊருக்கு வெளியே ஒரு கன்டெய்னர். மூன்றுக்கும் நடுவில் ஓடுகிறவள் நான். எந்த வரைபடம் யாரிடம் நிற்கிறது, எது சைட்டுக்குப் போயிற்று, எது போகவில்லை, சைட்டிலிருந்து எந்தக் கேள்வி எத்தனை மணிக்கு வந்தது என்று பதிவேடு வைத்திருப்பது என் வேலை. வரைபடங்கள் தாமதமாகின்றன, அதனால் கட்டடம் தாமதமாகிறது என்று மேனேஜர் கவலைப்பட்டு, வெளியூரிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்தார். அவர் மூன்று நாள் படம் போட்டுக் காட்டினார். டிசைன் பிரிவை முன்னேற்ற வேண்டுமானால் அதை அளக்க வேண்டும் என்றார். அவர் போன பிறகு சுவரில் ஒரு பலகை வந்தது. ஹோல்டு இல்லாமல் இந்த மாதம் எத்தனை வரைபடம் வெளியே போயிற்று என்று அதில் எழுத வேண்டும். இலக்கைத் தொட்டால் பச்சை, தொடாவிட்டால் சிவப்பு. எழுதுகிறவள் நான்தான். அந்த மாதம் ஒன்றே ஒன்று குறைந்தது.

அந்த ஒன்று, ரெட்டியார்பாளையம் தாண்டி விழுப்புரம் சாலையில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த டயாலிசிஸ் கட்டடத்தின் முதல் மாடித் தளம். தளத்துக்குக் கீழே ஒரு பெரிய பீம். பீமுக்கு மேலே, சுத்திகரித்த தண்ணீர்த் தொட்டி. பீமுக்குக் கீழே, நோயாளிகள் ஊசி குத்திய கையை அசைக்காமல் மணிக்கணக்காகப் படுத்திருக்கப்போகிற கூடம். தொட்டி செய்கிறவர்கள் எடையைச் சொல்லவில்லை. எங்கள் டிசைனர் எட்டு டன் என்று ஊகித்துக் கம்பிக் கணக்குப் போட்டுவிட்டு, பீமைச் சுற்றி ஹோல்டு போட்டிருந்தார். எடை ஒரு வாரத்தில் வந்துவிடும், எட்டுக்குள்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாரம் ஒன்று போனது. இரண்டு போனது. காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்னால் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிற பழக்கம் வந்தது. வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் கான்கிரீட் என்று சைட்டிலிருந்து தகவல் வந்தது. புதன்கிழமைக்குள் எடை வராவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். புதன்கிழமை வந்தது. நான் சொல்லவில்லை.

இங்கே எங்கள் ஊரின் மத்தியானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு மணிக்குப் புதுச்சேரி டவுன் ஷட்டரை இழுத்துவிடும். துணிக்கடை, இரும்புக்கடை, எல்லாம் மூடிக்கொள்ளும். மூன்றரை, நான்குக்குத்தான் மறுபடி திறக்கும். கடற்கரைப் பக்கத்து வீதியில் பழைய வீடொன்றில் இருக்கும் எங்கள் ஆபீசும் அப்படித்தான். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து ஒன்று முதல் மூன்றரை வரை அடைப்பு. வெள்ளைக்காரன் விட்டுப்போனதா, வெயில் கற்றுக்கொடுத்ததா, யாரும் கேட்பதில்லை. வீடு தூரம் என்பதால் நான் மட்டும் மேசையிலேயே சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஃபேன் சத்தமும் வாட்ச்மேனின் குறட்டையும் துணை.

வியாழக்கிழமை ஒன்று பத்துக்குத் தயிர்சாதத்தில் கையோடு அந்த மின்னஞ்சலைப் பார்த்தேன். பர்ச்சேஸிலிருந்து. “தங்கள் தகவலுக்கு” என்று ஒரே வரி. அனுப்பியவர் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டிருந்தார். கீழே தொட்டிக் கம்பெனியின் கடிதம். தேதி நான்கு நாளுக்கு முந்தையது. ஒரே இரும்புச் சட்டத்தின் மேல் இரண்டு தொட்டி. தண்ணீரோடு சேர்த்துப் பதினான்கு டன்.

கையைக் கழுவவில்லை. இடது கையால் டிசைனரை அழைத்தேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அது ஊருக்கே தெரிந்த விஷயம். அவரை நாங்கள் எல்லோரும் முசியே என்போம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அங்கே படித்து, அங்கேயே பாதி வயதைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒன்றிலிருந்து மூன்றரை வரை அவர் இந்த உலகத்தில் இல்லை.

சைட் இன்சார்ஜை அழைத்தேன். வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, நாற்பது வயது. முதல் மணியிலேயே எடுத்தார்.

“சொல்லுங்கக்கா, சாப்ட்டீங்களா?”

“தம்பி, இன்னைக்கு முதல் மாடி போடாதீங்க.”

“இன்னாது?”

“தொட்டி எடை இப்பதான் வந்துது. அந்தப் பெரிய பீமுக்குக் கம்பி பத்தாதுபோல இருக்கு.”

“போல இருக்கா? பத்துமா, பத்தாதா?”

“முசியேவக் கேட்டாதான் தெரியும்.”

“அவரு போனு?”

“ஆஃப்.”

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. “மணி ஒன்னேகாலாச்சே, ஆஃப்லதான் இருக்கும். யக்கா, பம்ப்பு வந்து நிக்கிது. மொத லாரி பிளான்ட்ட வுட்டுக் கெளம்பிடிச்சி. நாப்பது பேரு சாப்ட்டுக் கைய கழுவிட்டு நிக்கறாங்க. எளுத்துல குடுங்க, நிறுத்தறேன்.”

“போன்ல நான் சொன்னா பத்தாதா?”

“போன தபா ஆபீஸ்லருந்து போன்லதான் சொன்னாங்க. நிறுத்துனேன். அப்பால மீட்டிங்ல யாருமே சொல்லலைன்ட்டாங்க. மெமோ யாருக்கு வந்துச்சி? ட்ராயிங்க கையிலதான் வெச்சிக்கினு நிக்கறேன். ஹோல்டு எங்கியும் இல்ல. உங்க சீலு இருக்கு.”

அப்போது சொல்லியிருக்கலாம். இருந்தது தம்பி, நான்தான் எடுத்தேன். நாலே வார்த்தை. என் வாயில் தயிர்சாதம் புளித்தது. “வரேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

முசியே வீடு ஆபீசிலிருந்து நாலு தெரு. வண்டியை நிறுத்தி மணியை அடித்தேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வெயில் சுவர்களை வெளுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. கதவு பாதி திறந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

“யாரு? ஆபீஸ் பொண்ணா? இந்த நேரத்துல என்னம்மா?”

“முசியேவ எழுப்பணும் மதாம்.”

“கட்டடம் விழுந்துடுச்சா?”

“இன்னும் இல்ல மதாம்.”

“அப்ப மூணரைக்கு வாயேன்.” கதவு மூடத் தொடங்கியது.

நான் கதவில் கை வைத்தேன். வாழ்நாளில் யார் வீட்டுக் கதவிலும் நான் அப்படிக் கை வைத்ததில்லை. “மதாம், இரண்டு மணிக்குக் கான்கிரீட் போடறாங்க. போட்டுட்டா அப்புறம் எழுப்பிப் பிரயோஜனமில்ல.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வலது கையில் சோற்றுப் பருக்கை காய்ந்திருந்ததைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். உள்ளே போனார்.

முசியே கைலியும் பனியனுமாக வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு. என் போனை வாங்கிக் கடிதத்தைப் படித்தார். சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். அந்த இரண்டு நிமிடம் நான் அவர் பென்சில் முனையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. எட்டுக்கும் பதினான்குக்கும் நடுவில் எங்காவது கருணை இருக்கும், முதலிலேயே கொஞ்சம் கூடுதலாகக் கம்பி வைத்திருப்பார், போதும் என்பார்.

“பத்தாது” என்றார். “அடியில மூணு கம்பி கூட வேணும். தூண் கிட்ட ரிங்கு நெருக்கமா கட்டணும்.” நிமிர்ந்தார், பிரெஞ்சில் இழுத்தபடி. “அலோர்... நான் ஹோல்டு போட்டிருந்தேனே. அத வெச்சிக்கிட்டு அவன் எப்படி இன்னைக்குப் போடறான்?”

“அவர் கையில இருக்கறதுல ஹோல்டு இல்ல முசியே.”

“ஏன் இல்ல?”

“நான் எடுத்துட்டேன்.”

“நீங்க?”

“மாசக் கடைசியில.”

“பலகைக்கா?”

“ஆமா.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். வீட்டுச் செருப்பு. காலண்டர் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்தார். “வண்டிய எடுங்க” என்றார்.

அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து சட்டைப் பையைக் கையால் அழுத்திக்கொண்டார். அந்தப் பாரத்தோடு விழுப்புரம் சாலையில் போனேன். சாலை காலி. சிக்னல் யாருமில்லாமல் பச்சை மாறிச் சிவப்பாகி மறுபடி பச்சையாகிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மிக்ஸர் லாரி, முதுகில் உருளை சுழலச் சுழல, அவசரமே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஹார்னை அழுத்திக்கொண்டே அதைத் தாண்டினேன். உள்ளே இருக்கும் ஜல்லியும் சிமென்டும் புரளும் சத்தம் என் விலாவுக்குள் கேட்டது.

சைட்டில் பம்ப்பின் நீண்ட கை ஏற்கெனவே வானத்தில் வளைந்து நின்றது. முதல் லாரி காலியாகிக்கொண்டிருந்தது. கிழக்கு மூலையில் ஆரம்பித்துவிட்டார்கள். சாம்பல் நிறச் சேறு கம்பிகளை விழுங்கிக்கொண்டே பெரிய பீமை நோக்கி வந்துகொண்டிருந்தது. நடுவில் தூண்களுக்கு இடைப்பட்ட இரண்டு கட்டம்தான் பாக்கி. முசியே ஏணியில் ஏறினார். வீட்டுச் செருப்பில் ஒன்று கழன்று கீழே விழுந்தது. அதை விட்டுவிட்டு மேலே போனார். நானும் ஏறினேன்.

“இங்க நிறுத்து” என்றார், கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையில் ஒரு இடத்தைக் காட்டி. “இந்தக் கட்டத்துக்கு நடுவுல. பலகை அடிச்சு அடைச்சுடு. பெரிய பீமுக்கு வரக்கூடாது.”

இன்சார்ஜ் கையை நீட்டினார். “எளுத்துல.”

முசியே காலண்டர் தாளை எடுத்து, கணக்குக்குக் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். “போதுமா?”

“தேதி போடுங்க முசியே.”

போட்டார். இன்சார்ஜ் திரும்பி விசிலடித்தார். பம்ப் நின்றது. கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் நின்றது. நாற்பது பேர் நின்றார்கள். அந்த மௌனத்தில் அவர் கேட்டார், “முசியே, ஒன்னே ஒன்னு. இந்த பீமுக்கு ஹோல்டு இருந்துச்சா, இல்லியா? ஏன்னா நாளைக்கி என்னியதான் கேப்பாங்க.”

முசியே என்னைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த தன் செருப்பைப் பார்த்தார். அவர் பதில் சொல்லப்போவதில்லை என்று புரிந்தது. அது எனக்காக விட்ட இடம்.

“இருந்தது தம்பி. நான்தான் எடுத்தேன். கணக்குல ஒன்னு குறைஞ்சுதுன்னு.”

“நீங்களாக்கா?” அவர் முகத்தில் கோபம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஆபீசில் அவர் நம்பிய ஒரே ஆள் நான். அப்புறம் கோபம் வந்தது. “கம்பி கட்டுனவங்களுக்கு வீட்ல புள்ளைங்க இருக்குது. நாளைக்கி இதுக்குக் கீள ஆளு படுப்பாங்க. பலகைல பச்சை வேணுமின்னா பெயின்ட் வாங்கி அடிச்சிக்குங்கக்கா, நான் வாங்கித் தரேன்.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். இன்சார்ஜ் முசியே பக்கம் திரும்பினார்.

“முசியே, உங்களுக்கும் சொல்றேன். ஒரு வருசமா ஒரு மணிக்கு போன் பண்றேன். நாலு மணிக்கு எடுக்கறீங்க. அதுக்குள்ள நானா ஒரு முடிவு எடுத்து ஊத்திட்டு வூட்டுக்குப் போயிடறேன். மீட்டிங்ல மட்டும், சைட்டு எங்களக் கேக்கறதில்லன்றீங்க.”

முசியேவுக்கும் ஏறிவிட்டது. “கான்கிரீட்ட ஏம்ப்பா எப்பப் பாரு இரண்டு மணிக்கே வெக்கற? காலையில வெச்சா என்ன?”

“காலைல ஸ்கூல் பஸ்ஸூ, ஆஸ்பத்திரிக்குக் கோரிமேடு போற பஸ்ஸூ. லாரி நவுராது. சாயந்திரமும் அதே கதைதான். மத்தியானந்தான் ரோடு காலியா இருக்குது.” ஒரு கணம் நிறுத்தினார். “நீங்கல்லாம் தூங்கறீங்க இல்ல, அதனாலதான் காலியா இருக்குது.”

முசியே சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூன்று நாள் படம் போட்டுக் காட்டிய ஆலோசகருக்கு இது தெரியவில்லை. பதிவேடு வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை. சைட்டின் எல்லாக் கேள்விகளும் எங்கள் தூக்க நேரத்தில் பிறந்து, நாங்கள் விழிப்பதற்குள் கல்லாகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு அழைப்பின் நேரமும் என் பதிவேட்டில் இருந்தது. ஒன்று இருபது. இரண்டு ஐந்து. ஒன்று நாற்பது. நேரம் எழுதிய அந்தக் கட்டத்தை நான் ஒரு நாளும் மேலிருந்து கீழாகப் படித்ததில்லை.

அதற்கப்புறம் பேச நேரமில்லை. வந்துவிட்ட கான்கிரீட் இறுகுவதற்குள் அதை எங்காவது போட்டாக வேண்டும். முசியே சொன்ன கோட்டில் பலகை அடித்தார்கள். கிழக்குப் பாதியை முடித்தார்கள். நான் தாண்டி வந்த லாரியில் பாதி மீந்தது, அதைத் திருப்பி அனுப்பினார்கள். பெரிய பீமின் பக்கப் பலகையைப் பிரித்து, கம்பி கட்டுகிறவர்கள் குனிந்து புதுக் கம்பிகளை நுழைத்தார்கள். முசியே ஒற்றைச் செருப்போடு தூண் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பிகளைச் சுற்றிக் கட்டிய ரிங்குகளை எண்ணினார், இடைவெளியைச் சாணால் அளந்தார், அப்புறம் டேப் வாங்கி மறுபடி அளந்தார். ஐந்தரைக்கு எழுந்து, “நாளைக்குப் போட்டுக்கோ” என்றார். என்னைத் தாண்டி ஏணியில் இறங்கினார்.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். பர்ச்சேஸ்காரரும் அங்கே இருந்தார். ஏன் நான்கு நாள் வைத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு அவர், “ஆர்டர் கையெழுத்து ஆகலியே சார், ஆகாத ஆர்டரோட பேப்பரை டிசைனுக்குக் குடுக்கற வழக்கமில்லையே” என்றார், உண்மையாகவே புரியாமல்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “தாமதத்துக்குக் காரணம்னு ஒரு பத்தி எழுதணும்மா. வெண்டர்கிட்டருந்து தகவல் லேட்டுன்னு போட்டுடுங்க. அது பொய்யில்லையே.”

பொய்யில்லைதான். அதுதான் அதில் இருந்த ருசி. நாற்காலியில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தேன். ‘தகவல் தாமதமாக வந்ததால்’ வரை வந்தேன். திரையில் அது சுத்தமாக, யாருடைய கையும் படாததுபோல இருந்தது. அதை அழித்தேன். ‘பீமுக்கு இருந்த ஹோல்டு, மாத எண்ணிக்கைக்காக என்னால் நீக்கப்பட்டது’ என்று எழுதி அனுப்பினேன். சைட்டுக்கும் ஒரு நகல் போட்டேன்.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதிவேட்டை இரண்டு மாதம் வேறொருவரிடம் கொடுத்தார்கள். பலகை போகவில்லை. ஆனால் அதில் இப்போது எண்ணுவது வேறு. எத்தனை ஹோல்டு நிற்கிறது, யாருடைய பதிலுக்காக, எத்தனை நாளாக என்று எழுதுகிறோம். கையெழுத்து ஆகாத ஆர்டரின் தாளாக இருந்தாலும் எடையும் அளவும் அன்றைக்கே டிசைனுக்கு வந்துவிட வேண்டும். கான்கிரீட் நாளில் முசியே சைட் கன்டெய்னருக்குப் போய்விடுவார். அங்கேயும் ஒரு மணிக்குத் தூங்குகிறார், நாற்காலியில் சாய்ந்து, போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு. மதாம் என்னை மன்னித்ததாகத் தகவல் இல்லை.

ஏழு மாதம் கழித்துத் தொட்டிகள் வந்தன. முதன்முறை நிரப்புகிற நாளில் நான் சைட்டுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கீழே கூடத்தில் கட்டில்கள் இன்னும் வரவில்லை, புது டைல்ஸில் தூசி. பெரிய பீமுக்கு அடியில் ஒரு கம்பத்தை நிறுத்தி, அதன் தலையில் கடிகாரம் மாதிரி ஒரு அளவுமானியை முசியே பொருத்தியிருந்தார். பீம் ஒரு மயிரிழை தாழ்ந்தாலும் அதன் முள் நகரும். கணக்குப்படி எதுவரை நகரலாம் என்று ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்.

மேலே வால்வைத் திறந்தார்கள். சுவருக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. முள் நகர்ந்தது.

“தள்ளி நில்லுங்கக்கா” என்றார் இன்சார்ஜ்.

“நீங்க நிக்கறீங்களே.”

“நான் கம்பி வெச்சவன். நிக்கலாம்.”

நான் நகரவில்லை. அவரும் மறுபடி சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் மூவரும் பீமுக்கு அடியில் நின்றோம். தலைக்கு மேலே டன் டன்னாக ஏறிக்கொண்டிருந்தது. முதல் தொட்டி. இரண்டாவது தொட்டி. முள் ஊர்ந்தது, நின்றது, நான் மூச்சை விட்டேன், அது மறுபடி ஊர்ந்தது. சிவப்புப் புள்ளிக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கையில் முள் நின்றது. காத்திருந்தோம். நகரவில்லை. மேலிருந்து ஒருவர், “ரொம்பிடிச்சிங்கோ!” என்று கத்தினார்.

முசியே குனிந்து அளவைப் படித்தார். நோட்டை என்னிடம் நீட்டினார். “நீங்களே எழுதுங்க” என்றார். பேனாவை வாங்கி, முள் எங்கே நிற்கிறதோ அதை எழுதினேன்.